நிழல் விழுந்த பக்கம்

மார்ச் 4

சொல்லாமல் ஓடிப்போன தம்பிக்கு, ஓடத் தெரியாத அக்கா எழுதுவது.

உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று மண்டையைக் குடைந்துகொள்ளாதே. படமருந்து விற்கிறவர் வந்திருந்தார். "உங்க தம்பிய பெரிய ஊர்ல பாத்தேன்மா. மூணு மாடிப் படக்கடையில நிக்கிறாரு. ரொம்ப எளச்சுட்டாரு" என்றார். இளைக்கத்தான் செய்வாய். என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்கித் தின்ற வயிறு அது. அங்கே யாரைக் குறை சொல்லித் தின்பாய்?

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நம் படக்கடையில், படம் பதிகிற கண்ணாடித் தட்டு ஓரத்தில் பேர்களை இடவலம் மாற்றித் திருப்பி எழுதியே எழுத்துப் பழகினவள் நான். நேராக எழுதுவதுதான் எனக்குச் சிரமம்.

ஊர் உன்னைத் திட்டுகிறது என்று நினைத்துத்தானே ஓடினாய்? திட்டுகிறதுதான். ஆனால் முழுநேர வேலையாக ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு வேலை இருக்கிறது, நடுவில் கொஞ்சம் உன்னைத் திட்டுகிறார்கள். சவரக்கடைக்காரர் மட்டும் இன்னும் உன் படத்தை மாட்டி வைத்திருக்கிறார். நீ எடுத்ததிலேயே அவர் ஒருவர்தான் உள்ளதைவிட அழகாக விழுந்தார், அந்த நன்றி.

இனி விளையாட்டு இல்லை, கேள்.

கல்குவாரியில் நீ எடுத்த படத்தில் முப்பது பேர். அதில் முகம் தெளிவாகத் தெரிந்தது பதினோரு பேருக்கு. ஆடாம நில்லுங்க என்று நீ சொன்னதைக் கேட்ட பதினோரு பேரும் இப்போது சிறைக்கு உள்ளே இருக்கிறார்கள். சொன்னதைக் கேட்காமல் ஆடினவன், திரும்பினவன், கொட்டகை நிழலில் ஒதுங்கினவன் எல்லாம் வெளியே. உன் அத்தான் உள்ளே. பொதுவாக என் பேச்சைக்கூடக் கேட்காத மனுஷன், உன் பேச்சை என்ன அழகாகக் கேட்டிருக்கிறார் பார்.

குவாரி மேஸ்திரியைக் கூட்டமாகத் தள்ளிக் கொன்றார்கள் என்று வழக்கு. அவர் குழியில் விழுந்து செத்தது சாயங்காலம் நாலு மணிக்கு. நீ படம் எடுத்தது காலை எட்டு மணிக்கு. இதை எல்லாரும் சொன்னோம். ஆனால் நிலம் அளக்கும் அதிகாரி ஒருவர் நீதிமன்றத்துக்கு வந்தார். நீ கடை வாசலில் மாட்டி, போலீஸ் எடுத்துக்கொண்டு போன அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, "கொட்டகை தெற்கு பார்த்தது. நிழல் எல்லாம் வலப்பக்கம் விழுந்திருக்கிறது. அப்படியானால் வெயில் மேற்கே இருக்கிறது. இது சாயங்காலம் எடுத்த படம், கூட்டம் கூடி நிற்கும்போது எடுத்த படம்" என்று சொல்லிவிட்டார். கொட்டகையும் அன்றைக்கே எரிந்துவிட்டதால் போய்ப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. நிழல் ஏன் அப்படி விழுந்தது என்று எனக்கென்ன தெரியும், நான் படிக்காதவள்.

இது நிரூபணமானால் தூக்கு என்கிறார் வக்கீல். மூலத் தட்டு இருந்தால் காட்டிவிடலாம் என்றும் சொல்கிறார். நீ போகும்போது அந்த ஒரு தட்டை மட்டும் பெட்டியிலிருந்து உருவிக்கொண்டு போயிருக்கிறாய். அதை எடுத்துக்கொண்டு வா. உன்மேல் கோபம் எல்லாம் நீ வந்து சாப்பிட்ட பிறகு காட்டிக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடை முதலாளியின் முன்னால் பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது.

நான் வரப்போவதில்லை. வந்தால் அந்தப் பதினோரு வீட்டு வாசலையும் தாண்டித்தான் நம் கடைக்கு வர வேண்டும். படம் எடுத்தது காலை எட்டு மணிக்கு என்று ஒரு நோட்டரியின் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டு வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறேன். கூலி கேட்டு எழுதிய மனுவோடு சேர்த்து அனுப்பத்தான் அந்தப் படத்தைக் குவாரி ஆட்களே கேட்டார்கள் என்பதையும் எழுதினேன். "சுத்தியலையெல்லாம் கீழே வைங்க, சண்டைக்குப் போற படம் மாதிரி இருக்கக் கூடாது" என்று நான் சொன்னதையும்கூட எழுதினேன்.

இங்கே மாடியில் திரைச்சீலையில் மலையும் ஏரியும் வரைந்திருக்கிறது. உட்காருகிறவர்களின் பின்னந்தலையில் இரும்புக் கவ்வி வைத்து ஆடாமல் நிறுத்துகிறார்கள். முதல் நாள் என்னைப் படப்பெட்டியின் பின்னால் நிறுத்தினார் முதலாளி. ஒரு வயதான தம்பதி. "ஆடாதீங்க" என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. "என்னப்பா, ஊமையா?" என்றார். இப்போது இருட்டறையில் தட்டு கழுவுகிறேன். அதுவே போதும்.

நிழல் விஷயம் எனக்குப் புரியவில்லை. வெயில் என் வலது தோளுக்குப் பின்னால் இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது, பிடரி சுட்டது. நிழல் இடப்பக்கம்தான் விழ வேண்டும். அந்தப் படம் ஒரு மயிரிழை மங்கலாக இருந்ததும் நினைவிருக்கிறது. அதற்காக உன்னைத் திட்டினேன். அச்சுச் சட்டத்தில் தட்டைக் காகிதத்தோடு அழுத்துகிற ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நீ சொன்னாய். உண்மையிலேயே ஸ்பிரிங்தானா?

தட்டைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

ஸ்பிரிங் இல்லை.

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு குடும்பப் படத்துக்கு அச்சுப் போட்டேன், ஒரு கிழவருக்குப் பல் வரைந்தேன், வீட்டைப் பெருக்கினேன், மறுபடி பெருக்கினேன். பெருக்க இனி ஒன்றும் இல்லை, எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் நான் அச்சுப் போட உட்கார்ந்தேன். குவாரிச் செய்தி அப்போது நம் காதுக்கு வரவில்லை. பத்து மைல் தள்ளி நடந்தது யாருக்குத் தெரியும்? படத்தை நீ கடை வாசல் கண்ணாடிக்குள் மாட்டப்போகிறாய் என்றும் எனக்குத் தெரியும். தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். உன் அத்தான் முன்வரிசையில் இடது ஓரம் நிற்கிறார். அந்தப் பக்கம் மாட்டினால் கதவுச் சட்டம் மறைக்கும், போகிறவர் வருகிறவர் கண்ணில் படமாட்டார். வாரம் முழுக்கக் குவாரியில் கிடந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிற மனுஷன். கடை வாசலிலாவது தினமும் தெருவைப் பார்த்து நிற்கட்டுமே என்று தட்டைப் புரட்டிப் போட்டேன். மருந்துப் பக்கம் மேலே, கண்ணாடிப் பக்கம் காகிதத்தில். இடம் வலமாகிவிட்டது. அதனால்தான் மங்கல்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். நான் ஸ்பிரிங் கோணல் என்றேன்.

நில அளவைக்காரர் நீதிமன்றத்தில் பேசும்போதே எனக்கு விளங்கிவிட்டது. பிறகு வக்கீலிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "குற்றவாளி பொண்டாட்டி வந்து, நான்தான் படத்தத் திருப்பிப் போட்டேன்னு சொன்னா எவன் நம்புவான்? படத்துலயே அத்தாட்சி இருக்கா? ஒரு பக்கம் மட்டும் தழும்பு, மச்சம், ஊனம், எதாவது?" என்றார்.

இருந்தது தம்பி. உன் அத்தானுக்கு இடது கையில் சுண்டுவிரல் இல்லை. கல் விழுந்து போனது உனக்கே தெரியும். படத்தில் அது வலது கையாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் தட்டிலேயே பென்சிலால் விரல் வரைந்துவிட்டேன். கடை வாசலில் நிற்கப்போகிறவர் ஆயிற்றே, முழுசாக நிற்கட்டும் என்று. அவ்வளவு அழகான விரல். நகம்கூட வைத்தேன்.

அத்தோடு நிறுத்தினேனா? முன்வரிசையில் ஒருவனுக்கு அம்மைத் தழும்பு, ஒருவனுக்குப் புருவத்தில் வெட்டு, ஒருவனுக்குக் கன்னத்தில் மரு. எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன். ஊரில் என் பென்சிலுக்குப் பேர் உண்டல்லவா, அந்தத் திமிர். இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கிறார்கள், தோய்த்து மடித்த துணி மாதிரி.

ஆக, தட்டு ஒன்றுதான் வழி. தட்டில் மருந்துப் பக்கம் எது, கண்ணாடிப் பக்கம் எது என்று விரலால் தடவினாலே தெரியும். பென்சில் கோடும் தெரியும். அனுப்பி வை. நீ வர வேண்டாம். வராதே. தட்டு வந்தால் போதும். வைக்கோலில் சுற்றி, இரண்டு பலகை நடுவில் வைத்துக் கட்டு. உடைந்தால் உன் காதைத் திருகுவேன்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

தட்டு இல்லை.

இதைப் படித்து முடி, பிறகு கிழித்துப் போடு.

அன்றைக்குப் போலீஸ் படத்தை எடுத்துக்கொண்டு போனபோது, அந்த அதிகாரி படத்தை மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டு, "மங்கலா இருக்கேப்பா, இல்லாட்டி முப்பது பேரையும் பிடிச்சிருக்கலாம்" என்றார். நீ உள்ளே இருந்தாய். எனக்குக் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். மூலத் தட்டு கையில் கிடைத்தால் மீதிப் பத்தொன்பது பேரும் போய்விடுவார்கள் என்று தோன்றியது. அதற்காகத்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இங்கே வந்த மூன்றாம் நாள் அழித்தேன். வெந்நீரில் போட்டிருந்தால் மருந்துப் படலம் ஒரேயடியாக உரிந்து வந்திருக்கும். அது எனக்கு மரியாதையாகப் படவில்லை. சவரக் கத்தியால் ஒவ்வொருவராகச் சுரண்டினேன். அத்தானை முதலில் எடுத்தேன், கடைசியாக விட்டால் முடியாது என்று பட்டதால். அந்த விரலையும் பார்த்தேன். உன் வேலை என்று தெரிந்தது. அப்போது சிரித்தேன்கூட.

நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன் அக்கா. என் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையோ காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்.

கண்ணாடி சுத்தமாகிவிட்டது. முதலாளி அதில் மறுபடி மருந்து பூசச் சொன்னார். இப்போது அது ஒரு பல் வைத்தியரின் முகம்.

தம்பி


மார்ச் 27

உன் கடிதம் வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு எழுத்தாகப் போய் அந்தக் கத்திவரை வந்து சேர்ந்தேன்.

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்தது என்பார்கள். குதிரை நான், குழி நீ. விழுந்தது அவர்.

இப்போதைக்கு எழுதாதே.


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கோபம் தீர்ந்த பிறகு எழுதினால் நேரம் போதாது.

நான் முப்பது பேரையும் சுரண்டினேன் என்று சொன்னேன் அல்லவா. அதனால் அந்தத் தட்டை என்னைப்போல் பார்த்தவன் யாரும் இல்லை. தூங்காமல் கிடந்து ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். உன் பென்சில் படாத ஒருவன் இருந்தான்.

தும்மல்காரன்.

ஞாபகம் இருக்கிறதா? படப்பெட்டி மூடியைக் கழற்றினதும் ஒருவன் தும்மினான் என்று வந்து சொல்லிச் சிரித்தேனே. இரண்டாம் வரிசை நடு ஆள். தலை முழுக்கப் புகையாகிவிட்டது, மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. அதனால் போலீசுக்கு அவன் யாரென்று தெரியவில்லை. அதனால் நீயும் அவனைத் தொடவில்லை, அழிந்த முகத்தில் என்ன திருத்துவது என்று விட்டிருப்பாய். ஆனால் தும்மும்போது தலைதான் ஆடியது. கையை முன்னால் நிற்பவனின் தோளில் ஊன்றியிருந்தான். கை ஆடவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சுண்ணாம்பு பட்டு வெந்த தழும்பு, வெள்ளையாக, ஒரு இலை மாதிரி. நிஜத்தில் அது இடது கை. நீதிமன்றத்தில் இருக்கும் படத்தில் வலது கையாக இருக்கும்.

அவன் ஒருநாள் நீதிபதியின் முன்னால் வந்து அந்தப் படத்துக்குப் பக்கத்தில் சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றால் போதும்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

வக்கீலிடம் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். "நீதிபதி நம்பினா பதினோரு பேரும் தப்பிச்சாங்க. நம்பலேன்னா பன்னெண்டு பேரும்மா" என்றார். "அவரா வரணும். நான் கூப்பிட்டேன்னு இருக்கக் கூடாது."

தும்மல்காரர் இப்போது குவாரிக்குப் போவதில்லை. நம் தெருக்கோடியில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடிக்கிறார். மூன்று பெண் குழந்தைகள். பொண்டாட்டிக்கு மாசம் எட்டு.

முதல் தடவை போனபோது பிள்ளைகளைப் படம் எடுத்துத் தருகிறேன் என்று சாக்குச் சொல்லிப் போனேன். என்னைப் பார்த்ததும் அவரே பேச்சை எடுத்தார்.

"அக்கா, அந்தத் தும்மல் மட்டும் வரலேன்னா நானும் உள்ளதான்."

"உன் மூக்குக்குத் தங்கத்துல கவசம் செஞ்சு போடணும்டா" என்றேன்.

"போடுங்க, போடுங்க. இவ இவ்வளவு நாளா என் மூக்கக் கேலி பண்ணிட்டு இருந்தா. இப்ப தெனமும் ஒரு தடவ தொட்டுப் பாத்துக்குறா."

அவர் பொண்டாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கடைசிக் குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து அந்தத் தழும்பை நகத்தால் சுரண்டி விளையாடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாம் தடவை போனேன். வெயிலைப் பற்றிப் பேசினேன், விறகைப் பற்றிப் பேசினேன், ஊரில் யாருக்கு யார் மேல் கண் என்பதுவரை பேசினேன். உனக்குத்தான் தெரியுமே, வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள் நான். கேட்க வந்ததைத் தவிர எல்லாவற்றையும் கேட்டேன். வாசலில் அவள் என் கையைப் பிடித்தாள். "என்ன மதினி, ரெண்டு தடவ வந்துட்டீங்க. ரெண்டு தடவயும் அவரு கையவே பாத்துட்டுப் போறீங்க?" என்றாள். உன் புருஷன் கையில் வேலை அழகு என்று ஏதோ உளறிவிட்டு ஓடி வந்தேன்.

கேட்க முடியாது தம்பி. அவளுக்கு மாசம் எட்டு. என் புருஷனை இறக்க அவள் புருஷனை ஏணியாக வைக்கச் சொல்கிறாய். ஏணி உடைந்தால்?

இந்த வாரம் சிறையில் உன் அத்தானைப் பார்த்தேன். தாடி வளர்ந்து கரடி மாதிரி இருக்கிறார். "கடைக்கு யாராச்சும் வர்றாங்களா?" என்றார். வருகிறார்கள் என்று பொய் சொன்னேன். "அப்ப சரி" என்றார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த விசாரணை முப்பதாம் தேதி.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

நேற்று ரயில் நிலையம்வரை வந்தேன். சீட்டு வாங்கினேன். வண்டி வந்தது, நின்றது, போனது. நான் பெஞ்சில் இருந்தேன். இதை யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்கிறேன்.

அதனால் உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். நீ கேட்காமல் இருப்பதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது பயம். அவனுக்கும் சேர்த்து நீயே முடிவு செய்கிறாய். நானும் பத்தொன்பது பேருக்குச் சேர்த்துத்தான் முடிவு செய்தேன், கத்தியை எடுத்துக்கொண்டு. அதில் ஒருவனைக்கூட நான் கேட்கவில்லை.

கேள். வரமாட்டேன் என்றால் திரும்பி வா.

தம்பி


மே 2

தம்பிக்கு,

கேட்டேன். கேட்டதையும் நடந்ததையும் வரிசையாக எழுதுகிறேன், அவசரப்பட்டுக் கடைசி வரிக்குப் போகாதே.

மூன்றாம் தடவை போனதும் சாக்கு எதுவும் சொல்லவில்லை. நான் தட்டைப் புரட்டியது, விரல் வரைந்தது, நீ சுரண்டியது, வக்கீல் சொன்ன பன்னிரண்டு, எல்லாவற்றையும் அவர்கள் இரண்டு பேர் முன்னாலும் கொட்டிவிட்டேன். தும்மல்காரர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், யாருடைய கையோ என்பது மாதிரி. அவள்தான் பேசினாள். "போயிட்டு வா. போகாம நீ இங்க உக்காந்து சாப்புடுறத என்னால பாத்துட்டு இருக்க முடியாது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "மதினி, இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க" என்றாள். நியாயம்தான்.

முப்பதாம் தேதி அவர் கூண்டில் ஏறிச் சட்டையைச் சுருட்டினார். நீதிபதி பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "படத்தில் இருப்பது நீதான் என்பதற்கு என்ன சாட்சி?" என்றார். தும்மல்காரர், "ஐயா, இதச் சொன்னா என்னயும் தூக்குவீங்கன்னு தெரிஞ்சே சொல்றேன். அதவிட என்ன சாட்சி வேணும்?" என்றார்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். தட்டை ஏன் புரட்டினாய் என்றார்கள். புருஷன் தெருவைப் பார்த்து நிற்கட்டும் என்று புரட்டினேன் என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நீதிபதிகூடக் குனிந்துகொண்டார். ஒரு கண்ணாடித் துண்டில் அவர் பேரையே திருப்பி எழுதிக் காட்டி, புரட்டினால் எப்படி வரும் என்று காட்டினேன். நில அளவைக்காரர் நல்ல மனுஷன். எழுந்து நின்று, "படம் புரண்டிருந்தால் நான் சொன்னதும் புரள்கிறது. இது காலை எட்டு மணி" என்றார்.

படம் செத்தது. அவர்களிடம் வேறு சாட்சி இல்லை.

நீதிபதி பதினோரு பேரையும் ஒவ்வொருவராக எழுப்பி, அன்று நாலு மணிக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டார். வீட்டில் என்று சொல்ல வக்கீல் முன்னமே சொல்லிக் கொடுத்திருந்தார். வீட்டில், வீட்டில், வீட்டில் என்று பத்துப் பேர் சொன்னார்கள். அதில் எத்தனை நிஜமோ, நான் கேட்கவில்லை. உன் அத்தான் எழுந்தார். எதிரே பெஞ்சில் மேஸ்திரியின் பொண்டாட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் கையை வைத்துக்கொண்டு. இந்த மனுஷன் அவளைப் பார்த்தார். தும்மல்காரரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அங்கதான் இருந்தேன்" என்றார்.

வக்கீல் எழுந்து ஏதோ சொல்லப்போனார். நீதிபதி கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"தள்ளுமுள்ளு ஆயிருச்சு. அவரு விளிம்புல தடுமாறுனாரு. நான் சட்டையப் பிடிச்சேன். இடது கையால பிடிச்சேன். பிடி நிக்கல."

யார் தள்ளினது என்று கேட்டார்கள். தெரியாது என்றார். நீ தள்ளினாயா பிடித்தாயா என்பதற்கு யார் சாட்சி என்று கேட்டார்கள். "செத்தவருதான்" என்றார்.

பத்துப் பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தும்மல்காரரை இரண்டு நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். உன் அத்தானுக்குத் தூக்கு இல்லை. ஆயுசு முழுக்க, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய சிறையில். போனால் பார்க்க முடியாது. அங்கே யாரையும் விடுவதில்லை.

பத்து வீட்டுப் பெண்களும் வந்து என் கையைப் பிடித்து அழுதார்கள். நானும் சிரித்துப் பேசி அனுப்பினேன். படத்தை வென்று காட்டிவிட்டேன் தம்பி. வாய் திறந்து ஒரு பொய் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் என்கூட வாழ்ந்தும் அதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

அக்கா


மே 7

அக்கா,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வந்துவிடுகிறேன் என்று எழுதலாம், நான் எழுதினால் நீ நம்பமாட்டாய். என்ன வேண்டும் என்று மட்டும் சொல். எதுவானாலும்.

தம்பி


மே 13

தம்பிக்கு,

எதுவானாலும் என்றாய். பிடித்துக்கொண்டேன்.

பெரிய சிறைக்கு அனுப்புகிற ஆளுக்கு இப்போது புது உத்தரவு. பதிவேட்டில் ஒரு முகப்படம் ஒட்ட வேண்டுமாம், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இந்த ஊரில் படக்கடை ஒன்றே ஒன்று. ஜெயிலர் ஆள் அனுப்பினார். கடையில் நான் ஒருத்திதான் என்றேன். எடுக்கத் தெரியுமா என்றார். இருபது வருஷமாகப் பார்க்கிறேன் ஐயா என்றேன். பார்த்ததுதான், எடுத்ததில்லை. பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

சிறை முற்றத்தில் சுவரோரம் ஒரு நாற்காலி. அதில் உன் அத்தான். சவரம் பண்ணி விட்டிருந்தார்கள். காவலர் இரண்டு பேர். "பல்லக் காட்டவா, மூடவா?" என்றார் என்னைப் பார்த்து. காவலர்கள் சிரித்தார்கள். "உள்ள பல்லுக்கு மூடுறதே மேல்" என்றேன்.

தெரியுமா, பொண்டாட்டி தொடக் கூடாது. கம்பிக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். ஆனால் படம் எடுக்கிறவள் தொடலாம். முகவாயைத் திருப்பலாம், காலரை இழுத்துவிடலாம், தோளை நிமிர்த்தலாம். நான் ரொம்ப நேரம் நிமிர்த்தினேன். அவர் தோள் நேராகவே இருந்தது, அது வேறு விஷயம்.

அப்புறம் பெட்டியின் மூடியைக் கழற்றி, ஆறு எண்ணி, மூடிவிட வேண்டும். எண்ணினேன். ஆறு வந்தது. கை போகவில்லை. ஏழு, எட்டு, பத்து, இருபது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு ஆடாமல் இருந்தார். கண்கூடச் சிமிட்டவில்லை. ஒழுங்காக எண்ணத் தெரியாதவள் என்று காவலர்கள் நினைத்திருப்பார்கள். நூற்றைத் தாண்டினேன். அப்புறம்தான் மூடினேன்.

தட்டு கருகிப்போயிற்று, ஒன்றும் விழவில்லை. "கெட்டுப்போச்சுங்க, நாளைக்கு வெயில்ல மறுபடி எடுக்கணும்" என்றேன். படம் ஒட்டாமல் ஆளை அனுப்பக் கூடாது என்பது உத்தரவு. ஜெயிலர் சலித்துக்கொண்டு சரி என்றார்.

மறுநாள் தட்டின் மறைப்புப் பலகையை உருவ மறந்துவிட்டேன். அதற்கு மறுநாள் மருந்தில் தூசி. நேற்று முக்காலி சறுக்கியது. இன்று அவர் மெதுவாக என்னிடம், "எத்தன நாளைக்குடி?" என்றார். "நீங்க வாய மூடிட்டு உக்காருங்க" என்றேன். இன்றைய தட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் திறந்து காட்டிக் கெடுத்தேன். அவரைக் கொண்டுபோகிற வண்டி வெளியே காத்துக்கொண்டிருக்கிறது. ஜெயிலர் இப்போதெல்லாம் என் பின்னாலேயே நிற்கிறார்.

எனக்குத் தெரிந்தது ஐந்து வகைதான். ஐந்தும் தீர்ந்துவிட்டன. நீ படித்தவன், மூன்று மாடிக் கடையில் இருட்டறையில் இருக்கிறாய். ஒரு தட்டை இன்னும் எத்தனை விதமாகக் கெடுக்கலாம், பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வராமல்? தெரிந்ததையெல்லாம் எழுது. இந்தக் கடிதம் உனக்கு வரவே நாலு நாள் ஆகும், அதுவரை தெரிந்ததையே திருப்பிச் செய்கிறேன். நீ தந்தி அடி.

அக்கா